அப்பாவின் ரேடியோவில் ஏரியல் அடிமூட்டு ஒடிந்துவிட்டது, பழைய கம்பியையே வைத்துச் சரி செய்ய முடியுமா?

செல்வி, அருப்புக்கோட்டை

எல்லோருக்கும் வணக்கம். ரேடியோ வேலை எனக்குத் தெரியாது. தையல்காரி நான். மிஷினை மட்டும் நானே கழற்றி எண்ணெய் போட்டுப் பூட்டுவேன், அதனால் ஸ்க்ரூ டிரைவர் எடுக்கப் பயமில்லை.

எங்கள் மாமா 1982இல் சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்குக் கொண்டுவந்த ஜப்பான் ரேடியோ இது. மீடியம் வேவ், ஷார்ட் வேவ், எஃப்எம் என்று மூன்று பேண்ட். நாலு பெரிய பேட்டரி போட வேண்டும். தோல் உறையின் தையல் விட்டுப்போய் நானே இரண்டு தடவை தைத்திருக்கிறேன். வாங்கிய புதிதில் எங்கள் ஊரில் எஃப்எம் பக்கம் திருப்பினால் வெறும் இரைச்சல்தான் வரும். அப்பா ஷார்ட் வேவ்தான் கேட்பார். முதலில் இலங்கை, அப்புறம் ராத்திரி ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. அது 2017இல் நின்ற பிறகு முழுக்க கொடைக்கானல் எஃப்எம்தான், 100.5.

அப்பாவுக்கு இப்போது 84 வயது. கண் பார்வை மங்கிவிட்டது. டயலில் இருக்கும் எண் தெரியாது. குமிழைத் தடவித் திருப்புவார், அப்புறம் ஏரியலைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். பாட்டு தெளிவாகும் இடத்தில் விட்டுவிடுவார். அவருக்கு ரேடியோ கேட்பது என்றால் பாதி அந்தக் கம்பியைப் பிடிப்பதுதான்.

போன மாதம் அண்ணன் மகன் ஓடும்போது ஸ்கூல் பையின் வார் ஏரியலில் மாட்டி இழுத்துவிட்டது. கம்பி வளையவில்லை. ஏழு அடுக்கும் இப்போதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வருகிறது. ஒடிந்தது அடியில். அங்கே நாக்கு மாதிரி ஒரு தட்டையான துண்டு, அதில் ஓட்டை. அந்த ஓட்டையோடு பிளந்துவிட்டது. பாதி நாக்கு கம்பியோடு இருக்கிறது, மீதி ரேடியோ பக்கம் இருக்கும் கவட்டைக்குள் ஆணியோடு மாட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். உடனே ஒட்டும் பசையை ஊற்றி நேராக நிறுத்திக் கொடுத்தார்கள். சாயவும் இல்லை, சுழலவும் இல்லை. மூன்றாம் நாள் தானாகவே விழுந்துவிட்டது. இப்போது கவட்டைக்குள் பசை கல்லாகக் கிடக்கிறது. திரும்பப் போனபோது, பெட்டியில் வேறு இடத்தில் துளை போட்டுப் புதுக் கம்பி வைத்துத் தருகிறோம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மீடியம் வேவில் சாயங்காலம் தூத்துக்குடி 1053 நன்றாக வருகிறது. எஃப்எம் கரகரக்கிறது. ஷார்ட் வேவில் சத்தமே இல்லை. உள்ளேயும் ஏதாவது போயிருக்குமா? அந்த நாக்கை மட்டும் மாற்ற வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிச்சி தெரு ரசிகன், சென்னை

அக்கா, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். ரிச்சி தெருவில் எல்லா அளவிலும் ஏரியல் கம்பி கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அடியில் சுழலும் மூட்டோடு சேர்த்தே வரும். மடக்கிய நீளம், நீட்டிய நீளம், அடிக்கம்பியின் தடிமன் இந்த மூன்றையும் அளந்து போட்டோவோடு அனுப்புங்கள். இந்த வாரம் அந்தப் பக்கம் போகிறேன், பார்த்து வாங்கி அனுப்பிவிடுகிறேன்.

சிற்றலை முருகன், கோயம்புத்தூர்

சகோதரி, எதையும் வாங்கும் முன்பு ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரேடியோவின் உள்பக்கம் நன்றாக இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மீடியம் வேவ் வருவதில் ஆச்சரியம் இல்லை. அதற்கு வெளிக்கம்பியே தேவையில்லை. பெட்டிக்குள் கறுப்பு நிறத்தில் பென்சில் மாதிரி ஒரு ஃபெரைட் கட்டை இருக்கும், அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். மீடியம் வேவுக்கு அதுதான் ஏரியல். வெளிக்கம்பி எஃப்எம்முக்கும் ஷார்ட் வேவுக்கும் மட்டும்தான். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே அதோடு பொருந்துகிறது.

சாதாரண மின்கம்பி ஒன்றை 75 சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையில் தோலை உரியுங்கள். பின்மூடியைக் கழற்றினால், ஏரியல் உட்காரும் ஸ்க்ரூவில் ஒரு சின்னத் தகடும் அதிலிருந்து போர்டுக்குப் போகும் ஒரு ஒயரும் தெரியும். அந்தத் தகட்டில் உங்கள் கம்பியைத் தொடவிட்டு, மறுமுனையை ஜன்னல் கம்பியில் படாமல் உயரத் தூக்கிக் கட்டி 100.5 வையுங்கள். பாட்டு வந்தால் உள்ளே பழுது இல்லை.

75 ஏன் என்றால், 100.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் கிட்டத்தட்ட 2.98 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். கால் அலை நீளமுள்ள கம்பி அந்த அலைவரிசையை நன்றாக வாங்கும்.

செல்வி, அருப்புக்கோட்டை

முருகன் அண்ணா, வந்துவிட்டது! பின்மூடிக்கு நாலு ஸ்க்ரூ, பேட்டரி அறைக்குள் ஒளிந்து ஒன்று. அந்த ஐந்தாவதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆனது. நீங்கள் சொன்ன தகட்டில் கம்பியைத் தொட்டதும் கொடைக்கானல் அப்படியே பேசியது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

கம்பியை நானாகக் கொடைக்கானல் இருக்கும் வடமேற்குப் பக்கமாக நீட்டிக் கட்டியிருந்தேன். அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு, இப்படி இல்லை என்று வடகிழக்கு மூலைக்குத் திருப்பச் சொன்னார். திருப்பினால் இன்னும் தெளிவாகிவிட்டது! ஸ்டேஷன் ஒரு பக்கம் இருக்க, கம்பியை வேறு பக்கம் சாய்த்தால் எப்படி அதிகம் வருகிறது?

சென்னைத் தம்பிக்கு நன்றி. அப்பா நாற்பது வருஷமாகப் பிடித்துப் பிடித்து அந்தக் கம்பியின் முதல் அடுக்கில் முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது. அதையே வைக்க முடியுமா என்று கடைசிவரை பார்த்துவிட்டு, முடியாவிட்டால் உங்களிடம் கேட்கிறேன்.

சிற்றலை முருகன், கோயம்புத்தூர்

அப்பா சொன்னதுதான் சரி. கம்பியின் நுனியை ஸ்டேஷன் பக்கம் காட்டினால் அலையில் மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். கம்பியின் பக்கவாட்டு ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். வருகிற மழையை ஒரு கோலின் நுனி பக்கம் காட்டுவதற்கும் முழு நீளத்தையும் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. கொடைக்கானல் உங்களுக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வடகிழக்கே சாய்த்தால் கம்பி அதற்குக் குறுக்கே நிற்கும். அவர் இதைக் காதாலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். சுழலும் மூட்டு இல்லாமல் கம்பியை நேராக ஒட்டிக் கொடுத்தது அவருக்கு ஏன் உதவவில்லை என்று இப்போது புரிகிறது.

அடிமூட்டு வேலையைப் பற்றி மதுரை அண்ணாச்சி வந்து சொல்வதுதான் முறை. அவர் இதில் கை வைத்துப் பழகியவர்.

பழைய வால்வு, மதுரை

அம்மா செல்வி, கம்பியைத் தூக்கிப் போடாதது நல்ல காரியம். 38 வருஷம் ரேடியோ வேலை பார்த்தேன். ஏரியல் உடைந்தது என்று வந்ததில் பாதிக்கு மேல் இந்த நாக்குதான் போயிருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துக்கொள்.

முதலில் ஏன் ஒடிகிறது என்று தெரிந்துகொள். நீட்டிய கம்பி 75 சென்டிமீட்டர், நாக்கு 7 மில்லிமீட்டர். இது ஒரு நெம்புகோல். நுனியில் 100 கிராம் தள்ளினால் அடியில் கிட்டத்தட்ட 10 கிலோ விழும். பசையும் தாங்காது, ஈயம் வைத்தாலும் தாங்காது. மேலே குரோம் முலாம் இருப்பதால் ஈயம் சரியாக ஒட்டவும் ஒட்டாது. அதோடு பசை மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் பசை புகுந்தால் கம்பி பார்வைக்கு நிற்கும், ரேடியோவுக்கு அது இல்லாத கணக்குத்தான்.

பேட்டரியை எடுத்துவிடு. ஏரியல் ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பு போனில் ஒரு படம் எடுத்துவை, எந்த வாஷர் எதன் மேல் இருக்கிறது என்று. அந்தச் சின்ன ஒயரை இழுக்காதே, அது போர்டில் முடி மாதிரி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றுக்குப் போகிறது. கவட்டையைத் தனியாக வெளியே எடுத்த பிறகுதான் மற்ற வேலை எல்லாம்.

பசையைச் சுரண்டாதே. 25 வாட் சால்டரிங் அயர்ன் கிடைத்தால் கவட்டையைக் குறடால் பிடித்து இரண்டு நிமிஷம் சூடு காட்டு. பசை இளகிவிடும், ஊசியால் எடுத்துவிடலாம். அந்தப் புகை கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் என்று போட்டிருந்தால் அதுவும் பசையைக் கரைக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி உலோகத்தை மட்டும் ராத்திரி முழுக்க ஊறவை. அடுப்புப் பக்கம் வைக்காதே. அது ஒரு சொட்டு ரேடியோ பெட்டியில் பட்டாலும் பிளாஸ்டிக் உருகித் தழும்பாகிவிடும். அதில் ரொம்பக் கவனம்.

அப்புறம் கவட்டையில் இருக்கும் ஆணி. அது இரண்டு பக்கமும் தட்டி விரித்த ரிவெட். ஒரு பக்கத் தலையை அரத்தால் ராவிவிட்டு, சின்ன ஆணி ஒன்றை வைத்துத் தட்டினால் மறுபக்கம் விழுந்துவிடும். அதற்குப் பதில் 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவும் இரண்டு நட்டும் போடலாம். ஒரு நட்டு இறுக்கம் வைக்க, இன்னொன்று அது கழன்றுவிடாமல் பூட்ட. பழைய ரிவெட்டைவிட இது நல்லது, தளர்ந்தால் நீயே இறுக்கிக்கொள்ளலாம்.

இனி கம்பி. அடுக்குகள் பெரும்பாலும் உள்ளே வெற்றுக் குழாய். அடிக்குழாயின் கீழே மட்டும் ஒரு கெட்டிப் பித்தளை அடைப்பு இருக்கும், நாக்கு அந்த அடைப்பின் வால்தான். குழாய்க்கு வெளியே கெட்டிப் பித்தளை 8 மில்லிமீட்டராவது மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். அதையே இரண்டு பக்கமும் ராவித் தட்டையாக்கி, 2 மில்லிமீட்டர் துளை போட்டுவிடலாம். கம்பி கொஞ்சம் குட்டையாகும், கேட்பதில் வித்தியாசம் தெரியாது.

அவ்வளவு மிச்சம் இல்லையென்றால் அடைப்பையே மாற்ற வேண்டும். குழாயின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே சுற்றி ஒரு பள்ளமோ, இரண்டு சின்னக் குழியோ தெரியும். அதுதான் அடைப்பைப் பிடித்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மெல்ல ராவினால் அடைப்பு கழன்று வரும். அதைக் கொண்டுபோய் ஒரு லேத் பட்டறையில் காட்டு. அருப்புக்கோட்டையில் தறி இருக்கிறது, மில் இருக்கிறது, லேத் பட்டறைக்குக் குறைவில்லை. பித்தளையில்தான் கடையச் சொல்ல வேண்டும். இரும்பு வேண்டாம், துருப்பிடித்துத் தொடர்பு விட்டுப்போகும்.

ஒரு விஷயத்தை மறக்காதே. அடைப்பை எடுத்துவிட்டால் உள் அடுக்குகள் எல்லாம் அடிவழியாக வெளியே வந்துவிடும். மேல்வாய் சுருங்கியிருப்பதால் மேல்வழியாக வராது. ஒவ்வொரு உள்குழாயின் அடியிலும் அரைவட்டமாக இரண்டு மெல்லிய பித்தளைத் தகடு ஸ்பிரிங்காக ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பியை நீட்டினால் நின்ற இடத்தில் நிற்பது அதனால்தான். மின்தொடர்பும் அது வழியாகத்தான். அது ஒன்று தொலைந்தாலும் அந்த அடுக்கு தொளதொள என்று ஆகிவிடும். வெள்ளைத் துணி விரித்து, கம்பியைப் படுக்கவைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

சென்னைத் தம்பி சொன்ன வழியும் தப்பில்லை. கம்பி வளைந்து நெளிந்து வந்தால் நானே புதுசுதான் போடுவேன். இது நேராக இருக்கிறது, அடுக்குகள் வழுக்குகின்றன. பழுது ஒரு சுண்டுவிரல் நகம் அளவுதான்.

ரிச்சி தெரு ரசிகன், சென்னை

அண்ணாச்சி, உள்ளே அந்த ஸ்பிரிங் தகடு இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். தொளதொள என்று ஆன இரண்டு ரேடியோ என்னிடம் கிடக்கிறது. திறந்து பார்க்கப் போகிறேன்.

செல்வி, அருப்புக்கோட்டை

அண்ணாச்சி, பத்து நாளாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். தீபாவளித் தையல் வேலை முடிந்த பிறகுதான் உட்கார முடிந்தது.

பசைக்கு அசிட்டோன் வழியை எடுத்துக்கொண்டேன். காலையில் பசை வெள்ளை வெள்ளையாக உரிந்து டம்ளர் அடியில் கிடந்தது. ரிவெட்டை ராவ அரைமணி நேரம் பிடித்தது. கம்பியில் கெட்டிப் பித்தளை 4 மில்லிமீட்டர்தான் மிச்சம், அதனால் இரண்டாவது வழிக்கு வர வேண்டியதாகிவிட்டது.

தறிக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பழைய அடைப்பைக் கையில் வாங்கி வெர்னியர் வைத்து அளந்தார். குழாய்க்குள் போகும் பாகம் 5.6 மில்லிமீட்டர், நாக்கின் கனம் 2.4. பழைய பாத்திரக் குழாய் ஒன்றின் பித்தளைத் தண்டை எடுத்து இருபது நிமிஷத்தில் கடைந்துவிட்டார். பழைய நாக்கு கழுத்தில் சட்டென்று ஒடுங்குகிறது, அந்த மூலையில்தான் விரிசல் ஆரம்பித்திருக்கும் என்று சொல்லி, புதியதில் கழுத்தை வளைவாக விட்டிருக்கிறார். ஐம்பது ரூபாய் கொடுத்தேன். ரேடியோ பாடினால் வந்து சொல்லுங்கள், போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் எச்சரித்தும் ஸ்பிரிங் தகடு இரண்டு கழன்று துணியில் விழுந்துவிட்டது. திரும்பக் குழாய்க்குள் நுழைக்கும்போது தகடு விரிந்து விரிந்து வாசலில் இடித்தது. விரலால் அமுக்கிப் பிடிக்கவும் இடம் இல்லை. கடைசியில் தையல் நூலை எடுத்து இரண்டு தகட்டையும் சேர்த்து நாலு சுற்று இறுக்கிச் சுற்றினேன். அப்படியே குழாய் வாயில் வைத்துத் தள்ளினால், தகடு உள்ளே போகப் போக நூல் பின்னால் நழுவி வெளியே வந்துவிட்டது. தொளதொளப்பு ஒரு அடுக்கிலும் இல்லை.

பூட்டிவிட்டேன். சாய்கிறது, நிற்கிறது. ஆனால் சுழற்றும்போது உள்ளே இருக்கும் தகடும் ஒயரும் கூடவே சுற்றுகின்றன. படத்தில் பார்த்தபடிதான் வாஷர்களை வைத்தேன். இப்படியே விடலாமா?

பழைய வால்வு, மதுரை

விடாதே அம்மா. தகடு சுழலக்கூடாது. அப்பா தினமும் திருப்புவார், ஒயர் முறுக்கிக்கொண்டு கொஞ்ச நாளில் அறுந்துவிடும். அலை மாதிரி நெளிந்த வாஷர் ஒன்று இருக்கிறதல்லவா, அது ஸ்பிரிங். அது தட்டையாக நசுங்கும் வரை ஸ்க்ரூவை இறுக்கியிருப்பாய், அதனால்தான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சுற்றுகிறது. அரைச்சுற்று தளர்த்திப் பார். தகட்டின் ஓரத்தில் சின்னக் கொம்பு ஒன்று மடங்கியிருக்கும், அது பெட்டியில் இருக்கும் பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கம்பி மட்டும் சுழலும்.

மூட்டில் தேங்காய் எண்ணெய் போட்டுவிடாதே, பிசின் பிடிக்கும். வாஸ்லின் துளி தொட்டுத் துடைத்துவிட்டால் போதும். அடுக்குகளுக்கு உன் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு தடவை துடை. மடக்கும்போது நுனியில் உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தக்கூடாது. நடுவில் பிடித்து அடுக்கு அடுக்காக இறக்க வேண்டும். கம்பி வளைவது அப்படி அழுத்தித்தான். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவை.

அந்த நூல் வழி எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் தகடு விழுந்தால் அரைநாள் போராடியிருக்கிறேன். இனிமேல் நானும் நூல்தான்.

சிற்றலை முருகன், கோயம்புத்தூர்

சகோதரி, ஷார்ட் வேவும் வேண்டும் என்றால் மூன்று நான்கு மீட்டர் கம்பியில் ஒரு கிளிப் வைத்து ஏரியலின் அடியில் மாட்டுங்கள், ஜன்னல் வழியாக வெளியே போகட்டும். ஆனால் இது ஐப்பசி. வானம் இருட்டினாலே கழற்றிவிட வேண்டும். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலும் நீளக் கம்பி வழியாக வரும் மின்னழுத்தம் முதல் டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும்.

செல்வி, அருப்புக்கோட்டை

கொம்பு இருந்தது அண்ணாச்சி. பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சரியாக வைத்து அரைச்சுற்று தளர்த்தினேன், கம்பி மட்டும் சுழல்கிறது, ஒயர் அசையவில்லை.

இன்று காலை ஐந்தரைக்கு அப்பா கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடியிலிருந்து நுனி வரை ஒரு தடவை தடவினார். ஒவ்வொரு அடுக்காக நீட்டி, வடகிழக்குப் பக்கம் சாய்த்து, இரண்டு விரலால் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். 100.5 வந்தது. பட்டறைக்காரருக்குப் போன் போட்டு ரேடியோவைப் பக்கத்தில் பிடித்தேன்.

மூட்டு கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதாம். பழகிவிடும் என்கிறார்.